திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவள்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாததற்கு உடம்பு சரியில்லை, தபால் பெட்டி தூரம் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. தபால் பெட்டி நம் கோயில் மதிலை ஒட்டியே இருக்கிறது. எழுதத் துணிவு வரவில்லை, அதுதான் நிஜம். நேற்று மாலை நடந்த ஒன்றுக்குப் பிறகு எழுதாமல் இருக்கவும் துணிவு வரவில்லை. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த மாதம் உனக்குக் குருப்பட்டம். பட்டணத்துப் பெரிய கோயிலில் பிஷப் உன் தலையில் கைவைக்கும்போது, சுற்றி நிற்கிற குருமார்களும் சேர்ந்து கைவைப்பார்கள். அந்தக் கைகளில் அப்பாவின் கை இருக்க வேண்டாம் என்று நீ பிஷப்புக்கு எழுதிவிட்டாய். "ஒருவன் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றாத கை என் தலையில் வேண்டாம் அம்மா. அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்" என்று எனக்கும் எழுதியிருக்கிறாய். எனக்குப் பக்குவமாகப் பேச வராது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் நீ. ஆகவே பக்குவமில்லாமலே சொல்கிறேன். ஏசுதாசன் வாத்தியார் சொன்னதை வெளியே விட்டவள் நான். உன் அப்பா இல்லை.

கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. கோபம் வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. எட்டு வருஷம் நான் மூடி வைத்ததை எட்டு நிமிஷத்தில் நீ தாண்டிப் போகக்கூடாது.

உன் அப்பாவை நீ சபைக் குருவாக, பெரிய ஐயராகத்தான் பார்த்தாய். நான் அவரைப் பட்டமில்லாத வெறும் உபதேசியாராகப் பார்த்தவள். கலியாணமான புதிதில் அவருக்கு இரண்டு வேட்டி, ஒரு குடை, ஒரு ஜெபப்புத்தகம். சதுரங்கப்பட்டினத்தில் பிறந்தவருக்குக் கால்வாய்ப் படகென்றால் தண்ணீர் பட்ட பாடு. உப்பு ஏற்றிப்போகிற படகில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கோவளம், திருவிடந்தை என்று குப்பம் குப்பமாகப் போய் ஆராதனை நடத்திவிட்டு வருவார். வெள்ளைக்கார பிஷப் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. அங்கி தைத்த தையற்காரர் நீளத்தில் தப்பு செய்துவிட்டார். அங்கி தரையில் புரள, இவர் தடுக்கி விழாமல் பீடம் வரைக்கும் போய்ச் சேரவேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஓர் ஊர். எந்த ஊரில் முருங்கைக் கிளை நட்டாலும் காய் பறித்தவள் எனக்கு அடுத்து வந்த ஐயரம்மாதான். சபைகள் ஒன்றாகச் சேர்ந்த பிறகு அவரைச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். அது வேறு மிஷன் வளர்த்த சபை. நாம் ஆங்கிலிக்கன்காரர்கள், முழங்கால் போட்டு ஜெபிப்போம். அவர்கள் உட்கார்ந்தபடியே தலை குனிவார்கள். முதல் ஞாயிறு இவர் முழங்கால் போட்டதும், என்னமோ கீழே விழுந்துவிட்டதாக்கும், தேடுகிறார் என்று முன்பெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சிரித்து என்னிடம் கிள்ளு வாங்கினாய். அதே சபை இரண்டே வருஷத்தில் அவர் இல்லாமல் ஒரு நிலப்பத்திரம் எழுதாது, ஒரு பெண் கொடுக்காது என்றாகிவிட்டது. பிஷப்புக்கு அடுத்த படியில் ஆர்ச்டீக்கன் ஆக்கினார்கள். கடற்கரைச் சபைகள் எல்லாம் அவர் கைக்கு வந்தன. பழைய பிஷப் ஓய்வு பெறப்போகிறார், அடுத்தது செங்கல்பட்டு பெரிய ஐயர்தான் என்று பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலைகனம் இருந்தது. அவருக்கு இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்திருக்கும்.

அவர் பெரியவரானது பிரசங்கத்தால் அல்ல. பிரசங்கம் சுமார்தான், நீயே தூங்கியிருக்கிறாய். மாலை நான்கு மணிக்கு முன்னறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் சொல்லலாம். குடித்துவிட்டு வந்து அழுதவர்கள், மாமியாரைத் திட்டியவர்கள், தங்கள் பாவத்தைச் சொல்ல வாயெடுத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனவர்கள், எல்லோருக்கும் அவர் காது கொடுத்தார். கேட்டதை ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை.

சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது. எந்த ஊர்க் குருமனையிலும் ஒரு திரைதான் தொங்கிற்று.

ஐயரம்மாவின் பிழைப்பை நீ வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தாய், ஆனாலும் பார்த்திருக்க மாட்டாய். ஒரு வீட்டுக்கு நான் கொழுக்கட்டை கொடுத்தால் அடுத்த வீட்டு முகம் தொங்கும். ஒருத்தியோடு சிரித்துப் பேசினால், ஐயரம்மா அவள் கட்சி என்பார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே அளவு சிரிப்பு, ஒரே அளவு பேச்சு. எண்ணெய் அளக்கிற மாதிரி அளந்து அளந்து கொடுத்து என்னிடம் எனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் அரிசி பொறுக்கிக்கொண்டு கேட்டதுதான் எனக்கு அக்கம்பக்கம், ஊர்வம்பு, சொந்தபந்தம். முதலில் காதில் விழுந்தது. பிறகு நானே காதைக் கொண்டுபோய் வைத்தேன். இருபது வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

எனக்கென்று இருந்தவள் ஞானம்மா ஒருத்திதான். மருத்துவச்சி என்பதால் அவள் வீட்டுக்கு வந்துபோனால் யாரும் கணக்கு வைக்கமாட்டார்கள். உனக்கு ஒரு தங்கை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். வந்தவர்கள் எல்லோரும் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஞானம்மா ஒன்றும் சொல்லாமல் மூன்று நாள் என் பக்கத்தில் படுத்துக்கிடந்தாள். அவள் மகள் ரூத்துக்கும், கோவளத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஏசுதாசனுக்கும் கலியாணம் நிச்சயமாயிற்று. நம் கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு பேர் படித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்பதுதான். என் ஆயுசில் யாரும் எழுந்து தடை சொல்லி நான் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பாட்டுக்குப் போவதுதான் எந்த ஐயருக்கும் வழக்கம்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று மாலை ஏசுதாசன் முன்னறைக்கு வந்தான். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். "ஐயா, சின்னப் புள்ளையில எனக்கு அந்தப் பெரிய நோவு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில வெச்சிருந்து ஊசி போட்டு, பொறவு புது மாத்திரை குடுத்தாங்க. இப்ப சுத்தமா இல்லன்னு டாக்டரு எழுதிக் குடுத்துக்கீறாரு. ரூத்து கையில சொல்லணுமா, வாணாமா?" என்றான். செங்கல்பட்டில் அந்த நோயின் பேரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள், அவனும் சொல்லவில்லை. உன் அப்பா நெடுநேரம் பேசினார். நீயே சொல்லவேண்டும், முதலில் பெண்ணிடம் சொல், அவள் சரியென்றால் சனிக்கிழமை நானே உன்னோடு அவள் அம்மாவிடம் வருகிறேன், டாக்டர் தாளைக் கையோடு கொண்டுவா என்றார். ஏசுதாசன் அழுதான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று திரையின் ஓரத்தில் பார்த்தேன்.

வியாழக்கிழமை ஞானம்மா வந்தாள். கலியாண ரவிக்கைக்குத் துணி வாங்கி வந்து காட்டினாள். மாப்பிள்ளைக்கு எவ்வளவு அழகான விரல்கள், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சொல்லிவிட்டேன்.

அவள்மேல் இருந்த பாசத்தால் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாசமும் இருந்தது. ஆனால் உனக்கு எழுதும்போது பூசி மெழுகக்கூடாது. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஓர் அற்ப ஆசையும் இருந்தது. இருபது வருஷம் கேட்டுக்கேட்டு வயிறு உப்பிப்போன ஒருத்திக்கு வருகிற ஆசை அது. இரண்டு நாள் பொறுத்திருந்தால் அவனே சொல்லியிருப்பான். மாத்திரையையும் டாக்டர் தாளையும் பற்றி ஞானம்மாவிடம் சொன்னேனா என்று நீ கேட்கலாம். சொன்னேன். முதல் வார்த்தைக்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவரும் ஏசுதாசனும் போனபோது ஞானம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போயிருந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று அவர் அவனைத் தேற்றினார். அந்த ஞாயிறு நீயும் கோயிலில் இருந்தாய், பாடகர் வரிசையில். மூன்றாம் ஓலையை அப்பா வாசித்தார். தடை உண்டா என்று கேட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஞானம்மா எழுந்து நின்றாள். "தடை கீது ஐயரே. மாப்பிள்ளை குஷ்டரோகி. எம் பொண்ணைத் தரமாட்டேன்" என்றாள். கூச்சல் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்தார்கள். பெஞ்சு காலியாகும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஏசுதாசன் அப்பாவைப் பார்த்து, "உங்களை நம்பித்தானே ஐயா சொன்னேன்" என்றான். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு ஒரு நொடி, ஒரே நொடி, என்னைப் பார்த்தார். அப்புறம் பீடத்திலிருந்து இறங்கி வந்து, காலியான அந்தப் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கைபோட்டார். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்து போனான். நீ பார்த்ததும் நினைவில் வைத்திருப்பதும் அந்தக் கடைசிக் காட்சியைத்தான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ரூத் வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமையே அவன் தன்னிடம் சொல்லிவிட்டான் என்றும், தான் சரியென்று சொல்லிவிட்டதாகவும், அம்மாவிடம் மூச்சு விடவில்லை என்றும் சொன்னாள். "நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கினு இருந்திருந்தா போதும் ஐயா" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவர், சரிம்மா, என்றார். ஏசுதாசனின் வாத்தியார் வேலை போயிற்று. கோவளத்துக்கு ஆள் அனுப்பித் தேடினார். வீட்டில் இல்லை. வடக்கே போய்விட்டான் என்றார்கள், கப்பலில் போய்விட்டான் என்றார்கள். இன்றுவரை எந்தச் செய்தியும் இல்லை.

ரூத் வந்துபோன அன்று ராத்திரி நீ சோற்றில் கைவைக்காமல் அவரைக் கேட்டாய். "நான் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. நான் நம்பறேன்." பதினாறு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்டால் எந்தத் தகப்பனும் சொல்லியிருப்பான். அவர் குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை என் பக்கம் நீட்டினார். நான் ஊற்றினேன். உன் அம்மாவை எதற்காகவாவது மன்னிக்க முடியாது என்றால், அந்தக் கரண்டிக் குழம்புக்காக மன்னிக்காதே. அங்கேயே நான் சொல்லியிருக்கவேண்டும்.

அவரிடம் சொன்னேன். நீ படுத்த பிறகு, நான்தான் என்றேன். தெரியும் என்றார். பிஷப்பிடம் வந்து சொல்கிறேன் என்றேன். வெளியே அவர் பேசுவது புத்தகத் தமிழ். துக்கம் வந்தால் மட்டும் பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "எனக்கு மேல போட்டுக்க ஒரு அங்கி கீது. உனக்கு இன்னா கீது? ஊரே சேர்ந்து உன்னைக் கிழிச்சிடும். வாயை மூடிக்கினு இரு" என்றார். விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். என் வீட்டிலிருந்துதான் போயிற்று, பொறுப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னார். அவர்கள் அதை எப்படி எழுதிக்கொள்ள வேண்டுமோ அப்படி எழுதிக்கொண்டார்கள். ஞானம்மாவும் என் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிஷப் ஆவது போயிற்று, ஆர்ச்டீக்கன் பதவியும் போயிற்று. மகாபலிபுரத்தில் பதினோரு குடும்பம் உள்ள சபைக்கு எங்களை அனுப்பினார்கள். நீ ஹாஸ்டலில் இருந்துகொள்கிறேன் என்றாய். நான் பேசாமல் உன் பெட்டியைக் கட்டினேன். அவர் சொல்லாதே என்றார், நான் சொல்லவில்லை. அதற்குக் கீழ்ப்படிதல் என்று பேர் வைத்துக்கொண்டேன். பயம் என்பதுதான் அதற்குப் பெற்றவர்கள் வைத்த பேர்.

பதவி போனதற்காக அவர் ஒரு நாளும் வருந்தியதில்லை. வருத்தம் வேறு. இங்கே வந்தபிறகும் மாலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். ஞானஸ்நானத்துக்கு வருகிறார்கள், அடக்கத்துக்கு வருகிறார்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மனசைச் சொல்ல எட்டு வருஷமாக ஓர் ஆள் வரவில்லை. செங்கல்பட்டுச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டிருந்தது. கல்கோயில் பார்க்க வருகிறவர்கள் வழி கேட்க எட்டிப் பார்ப்பார்கள், அதுவே திருவிழா. குப்பத்துக் குப்பன் ஒருநாள் வலையைத் தோளில் போட்டபடி நின்று, "இன்னா ஐயரே, தெனம் குந்திக்கினே கீறியே, யாராச்சும் வர்றேன்னாங்களா?" என்று கேட்டான். "யாரும் சொல்லலப்பா. வந்தா கதவு மூடியிருக்கக் கூடாதில்ல" என்றார் இவர். நான் உள்ளே இருந்தேன். இங்கே எங்கள் அறைக்கு நடுவில் கெட்டியான பலகைக் கதவு. வந்த முதல் வாரமே அவர் தன் கையால் பொருத்தியது. அதற்குப் பிறகு அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. வேறு சொல்லும் அதிகம் சொன்னதில்லை. உப்பு, மழை, தபால், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் தனியாக இருப்பது எப்படியென்று எனக்குத் தெரியும். அது உனக்குத் தெரிய வேண்டாம்.

நீ ஐயராகிறாய். நாளைக்கு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஏதோ ஓர் ஊர்க் குருமனையில் குடியேறுவாய். முதல் வேலையாக முன்னறைக்குக் கதவு போடு. அதைவிட முக்கியமாக, உன் மனைவிக்கு ஒரு சிநேகிதி இருக்கட்டும். சபை முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். இவள் வீட்டில் அவள் சாப்பிடட்டும், அவள் வீட்டில் இவள் படுத்துத் தூங்கட்டும். ஊரார் துக்கத்தையெல்லாம் கேட்டுவிட்டு உள்ளே வந்து அவளிடம், இன்றைக்கு உனக்கு எப்படிப் போயிற்று என்று ஒரு வார்த்தை கேள். பசித்தவள்தான் திரைக்குப் பின்னால் நிற்பாள். இது அப்பாவைக் குறை சொல்வதற்காக அல்ல. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

நேற்று மாலை, பையன் கடிதம் வந்ததாகத் தபால்காரர் சொன்னாரே, எங்கே என்று அவரே கேட்டார். படித்துக் காட்டு என்றார். நீ எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தேன். படித்து முடித்து, இன்றைக்கே அவனுக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "எழுதாத. அப்பன் தப்புப் பண்ணிட்டான்னு எட்டு வருசம் இருந்து பழகிட்டான். அம்மாவாச்சும் அவனுக்கு முழுசா கீறா. அதையும் புடுங்கிக்காத" என்றார். அப்புறம், "நான் கடைசி பெஞ்சில குந்திக்கிறேன். உள்ள வரக்கூடாதுன்னு அவன் எழுதலையே" என்றார்.

எட்டு வருஷமாக அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். உனக்காக என்று நேற்றுத்தான் தெரிந்தது. உன்னிடம் நான் வகித்துவந்த இடம் அவர் எழுந்து எனக்கு விட்டுக்கொடுத்த இடம். அதில் இனி என்னால் உட்கார முடியாது. இந்தக் கடிதத்தை அவருக்குத் தெரியாமல் போடுகிறேன். பிஷப்புக்கும் என் கையெழுத்தில் இதே தபாலில் எழுதிவிட்டேன். உனக்கு ஒரு குறையில்லாத அப்பா இருக்கிறார். அம்மா வேண்டுமா என்பதை நீ யோசித்துச் சொல், அவசரமில்லை. என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். இங்கே மணி அடிக்கிற கோயில்பிள்ளையின் துணையோடு அவரைப் பஸ் ஏற்றி அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. உனக்கு எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் நீ அவருக்கு ஒரு வெள்ளைத் துணியாகத்தான் தெரிவாய். பீடத்துக்குக் கூட்டி வந்தாலும், அத்தனை பேருக்கு நடுவில் முழங்காலில் இருக்கிற உன் தலை எங்கே என்று அவர் தடவித் தேடமாட்டார், ஒதுங்கி நின்றுவிடுவார். ஆகவே நீயே அவர் கையைப் பிடித்து உன் தலையில் வைத்துக்கொள்.

உன் அம்மா